வெள்ளத்தைக் குடித்த கிணறும் 10-ஆம் வகுப்புப் பாடமும்: சுற்றுச்சூழல் அறிவியல் வகுப்பறையைத் தாண்டாதது ஏன்?

2021-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை நெல்லை மாவட்டத்தில் கொட்டித் தீர்த்த நேரம். குளங்கள் நிரம்பி வழிந்த உபரித் தண்ணீர், திசையன்விளை அருகே ஆயன்குளம் படுகையில் உள்ள ஒரு திறந்தவெளிக் கிணற்றுக்குள் பாய்ந்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில் பாய்ந்தது. கிணறு மட்டும் நிரம்பவே இல்லை. செல்போனில் படம் எடுக்கக் கூட்டம் கூடியது. "இவ்வளவு தண்ணியும் எங்க போவுது?" என்பதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த கேள்வி. அதன் பிறகு ஊடகங்களில் அதற்கு 'அதிசயக் கிணறு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மாவட்ட நிர்வாகம் சென்னை ஐஐடி குழுவை வரவழைத்தது. ஆய்வு செய்தவர்கள் சொன்ன விடையில் அதிசயம் எதுவும் இல்லை. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அது கரைந்து குகை போன்ற வழிகள் உருவாகியிருக்கின்றன. கிணற்றில் விழுந்த தண்ணீர் அவற்றின் வழியே பரவிப் போகிறது. அவ்வளவுதான்.

இந்த விடையைப் புரிந்துகொள்ளத் தேவையான அறிவியல், 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பையிலேயே துண்டு துண்டாக இருக்கிறது. நீர்ச் சுழற்சி ஒரு பாடத்தில், அமிலங்கள் இன்னொரு பாடத்தில், மழைநீர் சேகரிப்பு வேறொரு பாடத்தில். ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிணற்றோடு பொருத்திப் பார்க்கும்படி எந்தத் தேர்வும் கேட்பதில்லை. சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அது எங்கே நின்றுபோனது என்பதைப் பார்க்கத் திசையன்விளையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

கிணற்றுக்குள் என்ன நடந்தது?

முதலில் வேதியியல். மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. அப்போது மிக வீரியம் குறைந்த கார்பானிக் அமிலம் உண்டாகிறது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் கலந்த தண்ணீர் அதன் மேல் பட்டால், அது தண்ணீரில் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறுகிறது. ஒரு மழையில் கரைவது ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்து நடந்தால் வெடிப்பு ஓடையாகும், ஓடை குகையாகும்.

இதே வினையின் மறுபாதியை வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். கடினத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கரைந்து போன சுண்ணாம்பு திரும்ப வெளியே வருவதுதான். சோப்பு நுரைக்காமல் இருப்பதற்கும் இதே கால்சியம்தான் முக்கியக் காரணம்.

நெல்லைச் சீமைக்குச் சுண்ணாம்புக்கல் புதிதும் இல்லை. தாழையூத்தை அடுத்த சங்கர்நகரில் 1949-இலேயே சிமென்ட் ஆலை வந்ததற்கு அந்தக் கல்தான் காரணம்.

அடுத்தது கணக்கு. ஒரு கிணற்றுக்குள் விநாடிக்கு 1,000 லிட்டர் வீதம் தண்ணீர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஆக, ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் லிட்டர் நிலத்துக்குள் போகும். ஒரு கிணற்றைத் தோண்டி வைத்து இவ்வளவு தண்ணீரைச் சேமிக்க முடியாது. பூமிக்கு அடியில் ஏற்கெனவே இடம் இருந்தால்தான் முடியும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்த பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

இதில் ஊருக்கு என்ன இருக்கிறது?

திசையன்விளை தாமிரபரணிப் பாசனத்தின் நேரடி வயல்வெளி இல்லை. ஆற்றங்கரை ஊர்களில் நெல்லும் வாழையும் நிற்கும்போது, இந்தப் பக்கம் பனையும் முருங்கையும் செம்மண் தேரியும்தான். 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணையின் கால்வாயில் 3, 4-ஆவது ரீச் என்று சொல்லப்படும் கடைசிப் பகுதிகள்தான் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரங்களுக்கு வருகின்றன. கடைமடை என்றால் தெரியுமே, மேலே இருப்பவர்களுக்குப் போக மிச்சம். மற்ற நாள்களில் குடிக்கவும் விவசாயத்துக்கும் நிலத்தடி நீரே கதி.

அந்த நிலத்தடி நீருக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது. திசையன்விளையிலிருந்து உவரி கடற்கரை சுமார் 10 கிலோமீட்டர்தான்.

கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் அடர்த்தி வித்தியாசம் மிகக் குறைவு: நல்ல தண்ணீர் 1 என்றால் கடல் நீர் சுமார் 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து ஒரு பெரிய விஷயம் பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கடலோரங்களை ஆராய்ந்த கைபென், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரின் பெயரால் இந்த விகிதம் அழைக்கப்படுகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கிவிட்டால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 மீட்டர்வரை ஏறி வர இடம் கிடைக்கிறது. பாறையின் அமைப்பைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும். ஆனால் திசை மாறாது. 'முன்னாடி நல்ல தண்ணி, இப்ப சவரு' என்று கடலோர ஊர்களில் பேசிக்கொள்வதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான்.

அதனால்தான் வெள்ள காலத்தில் ஒரு கிணறு கோடிக்கணக்கான லிட்டரை உள்ளே இழுத்துக்கொண்டது இங்கே வெறும் வேடிக்கை இல்லை. மழைத் தண்ணீரை நிலத்துக்குள் அனுப்புவது, உப்பை வெளியே தள்ளி நிறுத்துவதற்கான வழியும்கூட.

அப்படியானால் எல்லா வெள்ளத்தையும் கிணற்றில் விட்டுவிடலாமா?

இங்கேதான் கவனம் தேவை. மணலுக்குள் இறங்கும் தண்ணீர் மெதுவாக, வடிகட்டப்பட்டு இறங்கும். மணல் ஒரு சல்லடை. சுண்ணாம்புக் குகை அப்படி இல்லை. அது ஒரு குழாய். மேலே எது விழுகிறதோ அது அப்படியே உள்ளே போகும். வெள்ளத்தோடு சாக்கடையும் ஆட்டுப் புழுக்கையும் உர எச்சமும் பூச்சிமருந்தும் வந்தால், அவையும் நிலத்தடி ஓடையில் சேர்ந்து, எங்கோ தள்ளி இருக்கும் இன்னொரு கிணற்றில் எட்டிப் பார்க்கலாம். சுண்ணாம்புப் பாறை நிலப்பகுதிகளில் உலகம் முழுக்க இருக்கும் பிரச்சினை இது. அதனால் தண்ணீர் கிணற்றுக்குள் போவதற்கு முன் வண்டல் படியும் தொட்டி, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டி போன்றவை அவசியம்.

இந்தக் கேள்வி இனி இன்னும் முக்கியமாகப் போகிறது. தாமிரபரணியில் வெள்ள காலத்தில் கடலுக்குப் போகும் உபரி நீரை வறண்ட பகுதிகளுக்குத் திருப்ப, தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரிவரை சுமார் 75 கிலோமீட்டர் நீளும் வெள்ளநீர்க் கால்வாய், இழுபறிகளுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கப்பட்டது. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பகுதிகளுக்கு இது பெரிய எதிர்பார்ப்பு.

இன்னொரு பக்கம், மழையின் குணமும் மாறுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் பெய்தால், அதை எங்கே நிறுத்துவது, எங்கே உள்ளே விடுவது, எதை விடக்கூடாது என்பதெல்லாம் ஊர் முடிவு செய்ய வேண்டிய விஷயங்களாகிவிடுகின்றன. அந்த முடிவை எடுக்கப் போகிறவர்கள் இப்போது 9-ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புத்தகத்தில் என்னதான் இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2018–19-இல் தொடங்கி அறிமுகமான தமிழ்நாடு மாநிலப் பாடநூல்களில், 9-ஆம் வகுப்பு அறிவியலில் 'சூழ்நிலை அறிவியல்' என்ற பாடம் இருக்கிறது. நீர், நைட்ரஜன், கார்பன் சுழற்சிகள் அதில் வருகின்றன. 10-ஆம் வகுப்பில் 'சுற்றுச்சூழல் மேலாண்மை' என்ற பாடம்: காடு, வன உயிர், மண் அரிப்பு, மாற்று எரிசக்தி, மழைநீர் சேகரிப்பு, மின்னணுக் கழிவு, திடக்கழிவு என்று எல்லாம் இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் தாவரவியல், விலங்கியல் எடுப்பவர்களுக்குச் சூழலியல் விரிவாகவே உண்டு.

குறை பாடத்தில் இல்லை. பாடம் நிற்கும் இடத்தில்தான். ஓர் எடுத்துக்காட்டு. 10-ஆம் வகுப்பு சமூக அறிவியலில், தமிழகப் புவியியல் படிக்கும்போது தேரி என்ற சொல் வருகிறது. ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை மணற்குன்றுகளுக்கு அந்தப் பெயர் என்ற அளவில் பாடம் நகர்ந்துவிடும். திசையன்விளை பிள்ளைக்குத் தேரி என்றால் ஒரு மார்க் கேள்வி மட்டுமா? நெல்லை மாவட்டத்தின் ராதாபுரம் பக்கத்திலும் அந்தச் செம்மணல் தொடர்கிறது. காலில் ஒட்டும் மண், பனை நிற்கும் மண், ஆடிக் காற்றில் கண்ணில் விழும் மண் அது. மணல் ஏன் சிவப்பு? ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு இருப்பதால். ஏன் மேடுமேடாகக் குவிந்தது? ஆரல்வாய்மொழி கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அதில் பங்கு உண்டு. இந்தத் தேரிகளில் கற்கால மனிதர்கள் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-இலேயே தொல்லியல் ஆய்வாளர்கள் சோய்னரும் ஆல்சினும் எழுதியிருக்கிறார்கள். உலக அறிஞர்கள் தேடி வந்த மண், அதே மண்ணில் இருக்கும் வகுப்பறையில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

கட்டாயம் ஆனது எப்போது?

1976-இல் 42-ஆவது சட்டத் திருத்தம் வந்தபோது, இயற்கைச் சூழலைப் பாதுகாப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக 51ஏ(ஜி) பிரிவில் சேர்ந்தது. கடமை என்று எழுதியாகிவிட்டது. அதைச் சொல்லிக்கொடுப்பது யார்? வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திரையரங்குகளில் விழிப்புணர்வு சிலைடு போட வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான்.

பல மாநிலங்கள் அசையவில்லை. மறுபடி வழக்கு வந்தது. 2003 டிசம்பர் 18 அன்று, 1 முதல் 12-ஆம் வகுப்புவரை மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கும்படி என்சிஇஆர்டிக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2004–05 கல்வியாண்டிலிருந்து அமல்படுத்தும்படி மாநிலங்களுக்கும் சொன்னது. கல்லூரியில் எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் 'ஈவிஎஸ்' பேப்பர் எழுத வேண்டியிருக்கிறதே, அதன் வேரும் இந்த வழக்குதான்.

தனிப் பாடமா, எல்லாவற்றிலும் கலப்பதா?

பள்ளியைப் பொறுத்தவரை, 2005-இன் தேசியக் கலைத்திட்டம் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தது. அறிவியலில் கொஞ்சம், புவியியலில் கொஞ்சம், மொழிப்பாடத்தில் கொஞ்சம். பிள்ளைகளுக்கு இன்னொரு புத்தகம், இன்னொரு தேர்வு வேண்டாம் என்பது இதற்கான நியாயமான காரணம். சுற்றுச்சூழல் என்பதே பல துறைகள் சேர்ந்த விஷயம் என்பது இன்னொரு காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போவது நமக்குப் பழக்கமான கதைதானே. அறிவியல் ஆசிரியர் தன் பங்கை முடிப்பார், புவியியல் பாடம் அதன் பங்கை முடிக்கும். இரண்டையும் இணைத்து 'நம்ம ஊர்த் தண்ணி' என்று பேச எந்தப் பீரியடும் இல்லை.

2023-இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டம், உயர்நிலை வகுப்புகளில் பல துறைகளை இணைக்கும் பாடப் பரப்பில் சுற்றுச்சூழல் கல்வியைச் சேர்க்கச் சொன்னது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு, 2025 ஆகஸ்ட்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆக, இந்தக் கேள்வி இன்னும் சூடு ஆறாமல் இருக்கிறது.

வெளிநாடுகளிலும் இரண்டு வழிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2022 செப்டம்பரிலிருந்து பருவநிலை மாற்றத்தைப் பல பாடங்களில் கலந்து கற்பிக்கிறது. மற்றொரு பக்கம், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஏபி சுற்றுச்சூழல் அறிவியல்' தனிப் பாடமாகவே இருக்கிறது. அதன் முதல் தேர்வு 1998-இல் நடந்தது. அந்தத் தேர்வில் கவனிக்க வேண்டிய விஷயம், விரிவாக எழுத வேண்டிய கேள்விகளில் ஒன்று, ஓர் ஆய்வை வடிவமைக்கச் சொல்லும். எதை அளப்பது, எதோடு ஒப்பிடுவது, எந்தத் தரவு வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்ற வகைக் கேள்வி. தனிப் பாடமா கலப்பா என்பதைவிட, தேர்வு எதைக் கேட்கிறது என்பதுதான் முக்கியம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நம் தேர்வு எதைக் கேட்கிறது?

தமிழ்நாட்டில் 10-ஆம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். செய்முறை என்றதும் நினைவுக்கு வருவது ஆய்வக மேசை, கண்ணாடிக் குழாய், மாதிரிகளை அடையாளம் காண்பது. ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை ஆறு மாதம் குறித்து வைத்த மாணவருக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. மழைநீர் சேகரிப்பின் நன்மைகள் ஐந்தை எழுதியவருக்கு முழு மார்க் உண்டு. தன் பள்ளிக் கூரையில் பெய்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமலேயே அதை வாங்கிவிடலாம்.

சுற்றுச்சூழல் மன்றங்கள் இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. மத்திய அரசின் தேசியப் பசுமைப் படைத் திட்டம் 2001-இல் தொடங்கியது. ஒரு மன்றத்துக்கு ஆண்டுக்கு முதலில் 2,500 ரூபாய், பிறகு 5,000 ரூபாய் என்பது அதன் நிதி அளவு. 50 பேர் கொண்ட மன்றம் என்றால் தலைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். அந்தப் பணத்தில் மரக்கன்று நடலாம், ஓவியப் போட்டி வைக்கலாம், பேரணி போகலாம். அவை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜூன் 5 அன்று நட்ட கன்று அடுத்த ஜூன் 5-இல் உயிரோடு இருந்ததா என்ற கேள்விதான் அறிவியல். அதற்கு மார்க்கும் இல்லை, நேரமும் இல்லை.

வேறு மாதிரி செய்தவர்கள் இருக்கிறார்களா?

தாமிரபரணிப் படுகையிலேயே இருக்கிறார்கள். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், 2011 முதல் ஜனவரிதோறும் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் பைனாகுலரோடு குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். ஓர் ஆண்டுக் கணக்கு ஒரு பொழுதுபோக்கு. பத்து ஆண்டுக் கணக்கு என்றால் எந்தக் குளம் சரிகிறது, எந்தக் குளம் தேறுகிறது என்று சொல்லும் ஆவணம். கேரளத்தில் புவியியல் பாடம் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் சிறு வானிலை நிலையங்கள் அமைக்கும் முயற்சியும் இதே வழியில் வந்ததுதான்.

திசையன்விளை வட்டாரப் பள்ளி ஒன்று இதைத் தண்ணீரில் செய்ய என்ன தேவைப்படும்? பெரிதாக எதுவும் இல்லை.

• தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோல்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கலாம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுத் தண்ணீரை மாதம் ஒரு முறை பாட்டிலில் கொண்டுவந்தால் போதும்.

• நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டப்பா, ஓர் அடிக்கோல். இதுவே மழைமானி. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். பள்ளியின் மழைநீர்த் தொட்டி அவ்வளவையும் வாங்குகிறதா? கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. அந்தக் குழாய் இன்றைக்கும் குழியில்தான் முடிகிறதா, பாதியிலேயே உடைந்து நிற்கிறதா என்று போய்ப் பார்ப்பதே ஒரு பாடம்.

• ஊரின் வரைபடம் ஒன்று. கடலுக்குக் கிட்டே இருக்கும் வீடுகளில் அளவு கூடுகிறதா, மழைக்குப் பிறகு குறைகிறதா என்று குறித்துக்கொண்டே வந்தால், இரண்டு ஆண்டில் உப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்ற படம் கிடைத்துவிடும்.

டிடிஎஸ் அளவு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அளவு குறைவாக இருந்தாலும் தண்ணீர் அசுத்தமாக இருக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. பயிற்சி பெற்ற அந்த அக்காமார் ஒரு நாள் பள்ளிக்கு வந்தாலே செய்முறை வகுப்பு தயார்.

பாதுகாப்பும் முக்கியம். ஆயன்குளம் போன்ற திறந்த கிணற்றின் விளிம்புக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது, அதுவும் வெள்ள நேரத்தில், நினைத்தே பார்க்கக்கூடாத காரியம். கைப்பம்பு, பள்ளி போர், வீட்டுக் குழாய்த் தண்ணீரே படிப்புக்குப் போதும்.

தடை எங்கே?

நேரம் ஒன்று. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு டிசம்பருக்குள் பாடம் முடிய வேண்டும், அதன் பிறகு திருப்புதல் தேர்வு. மார்க் இல்லாத வேலைக்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தயக்கம் இன்னொன்று. இந்த வட்டாரத்தின் சுற்றுச்சூழல் விஷயங்கள் எல்லாமே சாதுவானவை இல்லை. கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்ற தாதுக்கள் இருக்கின்றன. அவற்றை அள்ளத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை விதித்தது. 2025 பிப்ரவரி 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்து, முறைகேடுகள் குறித்து சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. இன்னொரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம். இவற்றால் வேலை பெற்ற குடும்பத்துப் பிள்ளையும், இவற்றை எதிர்த்து நின்ற குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியர் அமேசான் காட்டைப் பற்றிப் பேசுவது சுலபம். உவரிக் கடற்கரையைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை.

அளந்து பார்க்கும் பழக்கம் கைகொடுப்பது இங்கேதான். கட்சி எடுக்காமல், 'நம் கிணற்றில் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு' என்று ஆரம்பித்தால் சண்டைக்கு இடமில்லை. எண்களை வைத்துப் பேசப் பழகிய பிள்ளைகள், பெரியவர்களானபின் இரண்டு தரப்பிடமும் சரியான கேள்விகளைக் கேட்பார்கள்.

என்ன மாற வேண்டும்?

புதிய புத்தகம் தேவைப்படாமலே போகலாம். செய்முறைக்கான 25 மதிப்பெண்ணில் ஐந்தையாவது, மாணவர்கள் தங்கள் ஊரில் ஓர் ஆண்டு எடுத்த அளவீட்டுக்கு ஒதுக்கினாலே நிலைமை மாறத் தொடங்கும். மார்க் வந்தால் நேரம் வரும். நேரம் வந்தால் தலைமை ஆசிரியரின் அனுமதியும் வரும். திசையன்விளையில் கிணறு, முதலூரில் தேரி, ஸ்ரீவைகுண்டத்தில் ஆறு, தூத்துக்குடியில் உப்பளம் என்று ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் பாடம் இருக்கிறது. அந்தக் கணக்குகள் ஊராட்சி அலுவலகத்துக்கும் போகும்படி செய்தால், கிராம சபையில் தண்ணீர் பற்றிப் பேச்சு வரும்போது கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

அடுத்த பெருமழைக்கு ஆயன்குளம் கிணறு மறுபடியும் செய்தியில் வரலாம். அப்போதும் கூட்டம் கூடும், செல்போன்கள் உயரும். அந்தக் கூட்டத்தில் நிற்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, தண்ணீர் எங்கே போகிறது என்பதோடு, அது என்னென்னவற்றை அள்ளிக்கொண்டு போகிறது என்றும் கேட்டால், 1991-இல் வந்த தீர்ப்பு திசையன்விளைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.